இரண்டு சூரியன்

சென்ற கோடை விடுமுறையில் நம் விடுதி நண்பர்கள் எல்லாரும் சென்னைக்கும் மதுரைக்கும் ரயிலேறிப் போய்விட, நான் மட்டும் ஹைதராபாத்திலேயே தங்கிவிட்டேன். காரணம் படிப்பன்று, சினிமா ஆசை. ஒளித்திரைச் சுவரின் முன் படமெடுக்கும் புதிய முறையை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கற்றுத் தருகிறார்கள் என்று அறிந்து, பயிற்சி ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

இச்செய்தியைத் தாத்தாவுக்கு டெலிபோனில் சொன்னேன். அவர் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் முப்பது ஆண்டுகள் படுதா எழுதியவர். பழைய படங்களில் ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும்; மாளிகைக்குப் பின்னால் வானம் விரியும். துணியில் தீட்டிய அம்மலைகளிலும் வானங்களிலும் சில என் தாத்தாவின் கைவண்ணம். அப்படிப்பட்டவரிடம், “இனிமே உங்க தொழிலுக்கு வேலையே இல்லை, தாத்தா. எல்லாம் கம்ப்யூட்டர்தான்” என்று பெருமையடித்துக்கொண்டேன். “அப்படியா? சந்தோஷம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சுவர் என்ன செய்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். சிறுசிறு எல்.இ.டி. பலகைகளை இடைவெளி தெரியாமல் அடுக்கி எழுப்பிய பெரிய வளைந்த திரை அது. அதன் முன் நடிகர் நிற்பார். பின்னே இமயமலையும் தோன்றலாம், ஈரோட்டுக் கடைவீதியும் தோன்றலாம். 2019-இல் வெளிவந்த ‘தி மாண்டலோரியன்’ என்ற அமெரிக்கத் தொடர்தான் இம்முறையை உலகறியச் செய்தது. அதற்கு அமைத்த சுவரின் உயரம் 20 அடி. அது வளைத்து நின்ற அரங்கின் குறுக்களவு 75 அடி. அத்தொடரின் நாயகன் பளபளக்கும் உலோகக் கவசம் அணிந்தவன். பச்சைத் திரையின் முன் நிறுத்தினால் கவசமெல்லாம் பச்சையாகும். ஒளிச்சுவரின் முன் நிறுத்தினாலோ, பாலைவனமே அதில் பிரதிபலிக்கும்.

பின்னணியைப் படமாக வீழ்த்துவது புதிதன்று. ஓடாத காரின் பின்னே ஓடும் சாலையைக் காட்டிய பழைய படங்களை நாம் பார்த்துச் சிரித்ததுண்டு. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில், ஸ்டூடியோவுக்குள்ளேயே ஆப்பிரிக்க வெளியைத் திரையில் வீழ்த்தி எடுத்தார்கள். ஆனால் அவையெல்லாம் அசையாக் கோணங்கள். காமிரா நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். புதிய முறையில், காமிரா எங்கே நிற்கிறது, எத்திசையில் பார்க்கிறது என்பதைக் கருவிகள் நொடிதோறும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ‘அன்ரியல் எஞ்சின்’ போன்ற செயலி, அக்கோணத்துக்கு ஏற்றபடி படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். காமிரா இரண்டடி நகர்ந்தால், அருகிலுள்ள மரம் விலகும், தொலைமலை விலகாது. நிஜ உலகும் அப்படித்தானே?

பயிற்சிக்காக நான் தயாரித்த காட்சி, மாலை நேரத்து ஏரிக்கரை. கரையெங்கும் பனைமரங்கள், செந்நிற வானம், தரையில் நீண்ட நிழல்கள். வெளியூர் ஷூட்டிங்கில் அந்த மாலை ஒளி அரைமணி கூட நில்லாது. இங்கோ நாள் முழுதும் அந்திதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அச்சமயம் தாத்தா எங்கள் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அனுமதி பெற்று அவரை அழைத்துப் போனேன். அரங்கில் நுழைந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நாற்காலியில் அமர்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிச்சுவர் தருவது பரவலான மென்மையான வெளிச்சம். சுள்ளென்ற வெயிலை அதனால் தர முடியாது. ஆகவே நடிக்க வந்த தோழியின் இடப்பக்கம் சூரியனுக்குப் பதிலாக ஒரு பெரிய விளக்கை வைத்தோம். முதல் ஷாட் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தாத்தா என்னைச் சைகையால் அழைத்தார். “ஏண்டா கண்ணு, அந்தப் பொண்ணோட நிழல் வலப்பக்கம் விழுது. மரத்து நிழலெல்லாம் இடப்பக்கம் விழுதே. உங்க ஊர்ல ரெண்டு சூரியனா?”

எனக்கு முகம் வெளுத்துவிட்டது. பயிற்சி ஆசிரியர் மானிட்டரை உற்றுப் பார்த்தார். உண்மைதான்! நான் என் படத்தில் சூரியனை வலப்பக்கம் வைத்திருந்தேன். விளக்கு வைக்கும்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை. பச்சைத் திரையானால் பின்னணியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இங்கே முகமும் பின்னணியும் ஒன்றாகவே பதிவாகின்றன. பிறகு பிரிப்பது பெரும்பாடு. பிழையோடு எடுத்தால் பிழையே நிலைக்கும்.

சூரியனை இடப்பக்கம் நகர்த்தி, எல்லாவற்றையும் சரிசெய்யக் கால் மணி ஆயிற்று. நிழல்கள் திசைமாறி விழுந்ததைக் கண்டு தாத்தா குழந்தைபோலச் சிரித்தார். “நாங்க இப்படித் தப்பு பண்ணியிருந்தா, ரெண்டு நாள் ராத்திரியும் பகலும் உட்கார்ந்து திரும்ப எழுதணும். அதனாலதான் லைட் எங்கே வைப்பாங்கன்னு கேட்காம பிரஷ்ஷையே தொடமாட்டோம்” என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் வாய் திறக்கவில்லை. அவரே பேசினார்: “தூரத்துல இருக்கறதை அழுத்தமா எழுதாதே. காமிரா ஆள் மூஞ்சியைத்தான் பார்க்கும். மலை கொஞ்சம் மங்கித்தான் இருக்கணும்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரின் மேலேயே காமிராவைக் கூர்மையாகக் குவித்தால் நெளிநெளியாகக் கோடுகள் விழும், பின்னணி சற்று மங்கியே இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். காரணம் வேறு, கட்டளை ஒன்றே.

“தாத்தா, அன்னிக்கு நான் போனில் சொன்னது தப்பு” என்றேன்.

“எதைடா சொல்றே?” என்றார். மறந்துவிட்டாரோ, மறந்ததுபோல் இருந்தாரோ, அறியேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலிருந்து நெடுந்தொலைவு வந்து புதுத் தொழில்களைக் கற்கிறோம். கற்ற வேகத்தில் வீட்டிலுள்ள பழந்தொழில்களைப் பார்த்து நகைக்கிறோம். துணி போய்ச் சுவர் வந்துவிட்டது, மெய்தான். எனினும் சூரியன் எந்தப் பக்கம் என்ற கேள்வி போகவில்லை. அதை முன்னதாகவே கேட்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் போகவில்லை. இப்பொழுது ஞாயிறுதோறும் தாத்தாவுக்கு டெலிபோன் செய்கிறேன். என் காட்சிகளை வாயால் வருணிப்பேன். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “லைட் எங்கே?”