ரிமோட்ல ஒரு சுவிட்ச்

நண்பரோட 50 சிசி பெட்ரோல் மாடல் விமானம்.
தரையில சோதிச்சிட்டு இருக்கும்போதே த்ராட்டில் கம்பி கழண்டுடுச்சு.
இன்ஜின் முழு வேகத்துல கத்துது.
ரெண்டு பேர் வாலை அமுக்கிப் பிடிச்சிருக்காங்க.
நான்? வீரமா வேனுக்குப் பின்னாடி.

நண்பர் ரிமோட்ல ஒரு சுவிட்சைத் தட்டினார்.
இக்னிஷன் கட். கப்சிப்.

விமானத்துக்குள்ளே ஒரு குட்டி டப்பா.
ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவருக்கும் இக்னிஷனுக்கும் நடுவுல மின் தொடர்பே கிடையாது. வெளிச்சம்தான் சேதி சொல்லுது.
ஸ்பார்க் இரைச்சல் ரிசீவரைக் குழப்பிடக்கூடாதாம்.
சிக்னல் போனாலும் தானா அணையற மாதிரி செட் பண்ணிருக்கார். (என் வீட்டு மோட்டாருக்கு இந்த அறிவு கிடையாது.)

அணைஞ்ச பிறகும் ப்ரொப்பெல்லர் பக்கம் யாரையும் விடலை.
"சுவிட்சும் மெஷின்தானே சார்!"

இந்த சுவிட்ச் இல்லாமலே பெட்ரோல் இன்ஜின் ஓட்டறவங்களும் இருக்காங்களாம்.
எந்த தைரியத்துலங்க?