பல்லும் சொல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. சரியான சொல் போய்ச் சேராததால் என் அம்மாவுக்கு இரண்டு பற்கள் போயின!

அம்மாவுக்கு இப்போது வயது 55. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2022ஆம் ஆண்டு அவருக்கு வலது மேல்தாடையில் வலி தொடங்கியது. முதலில் கிராம்பை வைத்துக் கடித்தார். பிறகு உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். கன்னத்தில் கோடாலித் தைலம் பூசினார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. தனியார் பல் கிளினிக் ஒன்றில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். சில வாரங்களில் அதே வலி பக்கத்துப் பல்லில் வந்தது. இன்னொரு கிளினிக்கில் அதையும் பிடுங்கினார்கள். வலி மட்டும் போகவில்லை. பெரியம்மா கண்ணேறு என்றார். தண்ணீர் மந்திரித்துக் கொண்டு வந்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் லாரி ஓட்டப் போய்விடுவார். முகம் கழுவவே பயந்த அம்மா, ஈரத்துணியால் இடது பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். சந்தைக்கும் சூப்பர்வைசருக்கும் போதுமான மலாய் அவரிடம் உண்டு. வலியைச் சொல்லும் மலாய் இல்லை. போகும் இடமெல்லாம் “சாக்கிட் கிகி” என்பார். பல் வலி என்று வருபவருக்குப் பல்லைத்தானே பார்ப்பார்கள்? இந்த நோய் பல் வலியைப் போலவே வேடமிட்டு வருமாம். இது தெரியாமலேயே பற்களை இழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

2023இல் மூன்றாவது பல்லுக்காக அரசாங்கப் பல் மருத்துவமனைக்குப் போனோம். இம்முறை நானும் உடன் சென்றேன். அங்கிருந்த மலாய்க்கார டாக்டர் ஊசியை எடுக்குமுன், “சாக்கிட் மாச்சாம் மானா, மாச்சிக்?” என்று கேட்டார். எப்படி வலிக்கிறது என்ற அந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் அம்மாவிடம் கேட்டதில்லை. அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“பாப்பா, விண்ணு விண்ணுன்னு தெறிக்கல. சுளீர்னு இழுக்குது. கரண்டு அடிச்ச மாதிரி. மூஞ்சி கழுவுனாலும் வருது, ஃபேன் காத்து பட்டாலும் வருது. ரெண்டு நிமிஷங்கூட இருக்காது, நின்னுரும். அப்புறம் ஒண்ணுமே இல்ல.”

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். ‘விண்விண்’ என்பதற்கு மலாயில் ‘பெர்டென்யுட்’ என்ற சொல் இருப்பது தெரியும். ‘சுளீர்’ என்பதற்கு ஒரு சொல் போதவில்லை. மின்சாரம் தாக்கியது போல, ஒரு நொடியில், ஒரே பக்கத்தில் என்று விரித்துச் சொன்னேன். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பல்லைத் தட்டிப் பார்த்தார். குளிர்ச்சி வைத்துப் பார்த்தார். “இது பல் இல்லை, நரம்பாக இருக்கலாம்” என்று சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் நோயின் பெயர் தெரிந்தது. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முக்கிளை நரம்பு வலி எனலாம். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகளில் இது ஐந்தாவது. நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று மூன்று கிளைகள். பலருக்கு, மூளைத்தண்டின் அருகே ஓர் இரத்தக் குழாய் இந்த நரம்பின் மேல் அழுந்தித் துடிக்கிறது. நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்கிறது. உறை தேய்ந்த மின்கம்பி போல லேசாகத் தொட்டாலே பொறி பறக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கே அதிகம் வருமாம். 1756லேயே நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர இத்தனை காலம்!

முதல் மருந்து கார்பமாஸெப்பின். வலிப்பு நோய்க்குக் கொடுப்பது. சாதாரண வலி மாத்திரைகள் இந்த நோயை அசைப்பதில்லை. ஆனால் உடனே மருந்து தரவில்லை. முதலில் இரத்தம் எடுத்தார்கள். எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இம்மருந்து தோலை உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையைத் தரலாம். ஆசிய மக்களிடம் அந்த வகை கூடுதலாகக் காணப்படுவதால் இந்தச் சோதனை. அம்மாவுக்கு அது இல்லை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். தலைசுற்றலும் தூக்கமும் வந்தன. இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் அவ்வப்போது சோதிக்கிறார்கள். ஆனாலும் இரண்டே வாரத்தில் அம்மா வலது பக்கம் வைத்துத் தோசையை மென்றார். அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னொரு தோசை எடுத்து வந்தார்.

சிகிச்சைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு சீன முதியவர் இருந்தார். அவருக்கும் பல் பிடுங்கிய இடத்தில்தான் வலி. ஆனால் சுளீர் இல்லை. நாள் முழுதும் ஓயாத மந்தமான வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அது வேறு வகை. அதற்கு வழி வேறு. அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்காகக் கொடுப்பார்கள். ஈறில் மரத்துப்போகும் மருந்து தடவுவதும், வலியோடு வாழப் பழக்கும் உளவியல் பயிற்சியும் உண்டு. “எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்தேன்” என்றார் அவர் மலாயில். இரண்டு வலிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: இன்னொரு பல்லைப் பிடுங்குவதால் தீராது.

மருந்து கைவிட்டால் அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, இரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு சிறு பஞ்சை வைப்பது ஒன்று. நீண்ட நாள் பலன் தருவது இதுதான் என்றாலும் காது கேளாமை போன்ற ஆபத்துகள் சிறிதளவு உண்டு. கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது இன்னொன்று. காமா கத்தி என்னும் கதிர்வீச்சும் உண்டு. இவை எளியவை, ஆனால் முகம் மரத்துப்போகலாம், சில ஆண்டுகளில் வலி திரும்பலாம்.

அம்மாவின் எம்.ஆர்.ஐ. படத்தில் குழாய் நரம்பைத் தொடுவது தெரிந்தது. மருந்தின் அளவை இதுவரை இரண்டு முறை கூட்டிவிட்டார்கள். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “மருந்து கேக்குற வரைக்கும் மருந்து. கேக்கலன்னா தெறந்து பாக்கட்டும். நீ பக்கத்துல நின்னு அவங்க சொல்றத அப்படியே தமிழ்ல சொல்லு. மறைக்காத.”

‘தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன கண்டாய்?’ என்று கேட்கும் உறவினர்கள் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள். என் பதில் இதுதான்: குத்தல், குடைச்சல், எரிச்சல், கூச்சம், விறுவிறுப்பு, சுளீர் ஆகியவை ஒவ்வொன்றும் வேறு வேறு நோயைக் காட்டும் சொற்கள். நம் அம்மாக்களிடம் அவை இருக்கின்றன. நம் கழகத்தில் மருத்துவமும் பல் மருத்துவமும் தாதியியலும் பயிலும் நண்பர்கள் இருக்கிறீர்கள். இந்தச் சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கி ஒரு சிறு கையேடாகத் தொகுப்போம். நான் கணக்கியல் மாணவிதான். ஆனாலும் முப்பது சொற்களை எழுதி வைத்துவிட்டேன். மீதியை உங்கள் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள்.