குத்தகை விமானமும் பொருளாதாரத் தடையும்

வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுபவன் அந்நிலத்துக்கு உரியவன் ஆகான் என்பதை எமது ஊர்ச் சிறுவனும் அறிவான். ஆனால் வானிற் பறக்கும் விமானமும் பெரும்பாலும் குத்தகைச் சொத்தே என்று நாம் சொன்னபோது மாணவர் நம்ப மறுத்தனர். வாலில் எழுதிய பெயரே உரியவரின் பெயர் என்பது அவர்கள் எண்ணம். உலகின் பயணிகள் விமானங்களில் ஏறக்குறையப் பாதி, அவற்றை ஓட்டும் கம்பனிகளுக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை வாங்கிக் குத்தகைக்கு விடும் பெரிய நிறுவனங்கள் பல, சிறு நாடாகிய அயர்லாந்திலிருந்தே தொழில் நடத்துகின்றன.

2022 பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. உடனே ஐரோப்பிய ஒன்றியம், ருஷ்யாவுக்கு விமானமோ உதிரிப்பாகமோ வழங்கலாகாதெனத் தடை விதித்து, குத்தகைகளை மார்ச் 28ஆந் திகதிக்குள் முடித்துவிடுமாறு பணித்தது. பணித்தல் எளிது. நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ருஷ்யாவில் நின்றன. அவற்றை மீட்டுவர யார் செல்வது? அவற்றுட் பல பெர்முடாத் தீவிற் பதியப்பட்டவை. அத்தீவின் அதிகாரிகள் மார்ச் 12இல் அவற்றின் பறக்குந் தகுதிச் சான்றிதழ்களை நிறுத்தினர். இரண்டு நாட் கழித்து, அவற்றை உள்நாட்டிற் பதிந்துகொள்ள இடந்தரும் சட்டத்தில் அதிபர் புட்டின் கையொப்பமிட்டார். குத்தகைக்காரன் வயலைத் தன் பெயருக்கு உறுதி முடித்த கதைதான்!

அப்பிணக்கின் அலை எமது கரையிலும் மோதியது. 2022 யூன் 2ஆந் திகதி கட்டுநாயக்காவிலிருந்து மொஸ்கோவுக்குப் புறப்படவிருந்த எயரோபுளொட் எயார்பஸ் ஒன்று, அயர்லாந்துக் குத்தகை நிறுவனமொன்று தொடுத்த வழக்கின்பேரில், கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றக் கட்டளையால் தடுக்கப்பட்டது. இலங்கை ருஷ்யாமீது எத்தடையும் விதித்ததில்லை; இது சொத்து வழக்கு. எனினும் மொஸ்கோவில் எமது தூதுவரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தனர். யூன் 6இல் கட்டளை இடைநிறுத்தப்பட்டது. ஆயினும் என்? எயரோபுளொட் தன் சேவையை நிறுத்தி, ஒக்டோபரிலேதான் மீண்டும் வந்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாமெல்லாம் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. சுற்றுலாப் பயணி கொண்டுவரும் ஒவ்வொரு டொலரும் பொன்னாயிருந்த வேளை. வேறு இருவரின் வழக்கிலே எமது கடற்கரை விடுதிப் பணியாளன் தன் கூலியை இழந்தான்.

விமானத்தின் உயிர் அதன் எஞ்சினில் மட்டுமன்று, ஏட்டிலும் இருக்கின்றது. எம்மவர் பிள்ளைக்குச் சாதகம் எழுதிவைப்பதுபோல, முக்கிய உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அது எங்கே பிறந்தது, எத்தனை மணி பறந்தது, யார் பழுது பார்த்தார் என்னும் குறிப்பு உண்டு. எஞ்சினிற் சுழலும் சில உறுப்புகளுக்கு ஆயுளே வரையறுக்கப்பட்டுள்ளது. அது முடிந்தால், பார்வைக்குப் புதிதுபோல் இருப்பினும் கழற்றிவிட வேண்டும். தடை வந்ததும் செய்தவனிடமிருந்து உறுப்பும் வராது, பராமரிப்பு நூலின் திருத்தமும் வராது. ஒரு விமானத்தைப் பிரித்து மற்றொன்றுக்குப் பூட்டுவர். மூன்றாம் நாட்டு வியாபாரியிடம் சுற்றுவழியில் வாங்குவர். சாதகமற்ற உறுப்பு எத்துணை நல்லதாயினும் வெளிச்சந்தையில் விலைபோகாது. ஆதலால் விமானம் என்றோ திரும்பினாலும் உரியவன் கையில் வருவது முழு விமானமன்று. 2025 யூனில் லண்டன் மேல் நீதிமன்றம், அவ்விமானங்கள் 2022 மார்ச் 10ஆந் திகதியே இழக்கப்பட்டுவிட்டன எனக்கொண்டு, போர் ஆபத்துக்குக் காப்புறுதி அளித்தவர்களே ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பறந்துகொண்டிருக்கும் ஒன்றை இழந்த பொருளாக எண்ணுதல் சட்டத்துக்கே கைவந்த வித்தை போலும்.

தடை விதிப்போர் ஆட்சியாளரைத் திருத்த எண்ணுகின்றனர். ஆட்சியாளர் நன்கு பராமரித்த தனி விமானத்திலேறுவர். மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் கிழவியோ கிடைத்த விமானத்தில் ஏறுவாள். படையெடுத்தவனுக்கு ஒன்றும் செய்யாதிருத்தலும் நீதியன்று என்பதை நாம் மறுக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணும்போது எமக்கு விடை தோன்றவில்லை.

ஈரான் இத்துயரில் மூத்தது. 2015 உடன்பாட்டின் பின் ஈரான் எயார் எயார்பஸ்ஸிடம் 100 விமானம் கேட்டது. 2018இல் அமெரிக்கா விலகுமுன் கிடைத்தவை மூன்று. அவ்வாண்டு டிசம்பரில் துபாயிலிருந்து ஒஸ்லோ சென்ற நோர்வீஜியன் விமானமொன்று எஞ்சின் கோளாற்றால் ஷிராஸில் இறங்கியது. பயணிகள் மறுநாளே வேறு விமானத்தில் ஊர் சேர்ந்தனர். உதிரிப்பாகம் அனுப்புதற்குத் தடை குறுக்கிட்டமையால் விமானம் மட்டும் இரண்டு மாதங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தது. 2023இல் எயரோபுளொட் தன் எயார்பஸ் ஒன்றைப் பழுதுபார்க்க அனுப்பியதும் அந்த ஈரானுக்கே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடையுடன் குடித்தனம் நடத்தியவர்களிடம் அத்தொழிலைப் பயில வந்தனர் போலும்.