துணுக்கிற்கும் துணுக்கிற்கும் இடையே
(பதினோராம் வகுப்பு மாணவியர் ஐவர்)

எங்கள் வகுப்பில் கண்பார்வையற்ற தோழி ஒருத்தி இருக்கிறாள். பேச்சுப் போட்டியென்றால் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் வரலாற்றுப் பாடத்திற்கு அவள் கையில் பிரெய்ல் நூல் இல்லை. வீட்டில் அவளுடைய அம்மா, வேலை முடிந்து வந்த களைப்போடு இரவில் வாசித்துக் காட்டுவார். காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது, பாடங்களை நாங்களே வாசித்துக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. அன்று மாலையே பக்கங்களை ஐவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பதிவு செய்வது எளிதாகத்தான் இருந்தது. இரண்டே வாரத்தில் 63 துணுக்குகள் சேர்ந்துவிட்டன. ஒன்றில் காகம் கரைந்தது; மற்றொன்றில் எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அதனால் என்ன என்று விட்டுவிட்டோம். முதலில் அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அடுத்தடுத்து இருக்கும் குரற்பதிவுகள் அதில் தாமே தொடர்ந்து ஒலிக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடையே 'டிங்' என்று ஓர் ஓசை. நடுவில் யாரேனும் வேறு செய்தி அனுப்பிவிட்டால் தொடர் அறுந்துவிடும். எங்கள் வகுப்புக் குழுவில் செய்தி வராத நிமிடம் உண்டா?

கணினி கற்பிக்கும் சிஸ்டரிடம் ஓடினோம். "நீங்களே ஒரு செயலி செய்யுங்களேன்" என்றார்கள். ஆப் இன்வெண்டர் என்ற கருவியை அவர்கள்தாம் காட்டினார்கள். 2010-இல் கூகுள் நிறுவனம் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது அது. வண்ண வண்ணக் கட்டைகளைப் புதிர்ப்படம் போலப் பொருத்தினால் செயலி உருவாகிவிடும். இவ்வளவுதானா என்று எண்ணினோம். என்னே எங்கள் துணிச்சல்!

பட்டியலில் உள்ள எல்லாத் துணுக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய் என்று கட்டளை அமைத்தோம். பொத்தானை அழுத்தினால் கடைசித் துணுக்கு மட்டுமே கேட்டது! 'ஒலி' என்று சொன்னவுடன் கைப்பேசி அது முடியும்வரை காத்திருப்பதில்லை. கட்டளைகளை மட்டும் மளமளவென்று கடந்து போய்விடுகிறது. ஒன்று தொடங்கும் முன்பே அடுத்தது அதைத் தள்ளிவிடுகிறது. சரி, துணுக்குக்கு ஒரு ஒலிப்பான் வைப்போம் என்று ஐந்து ஒலிப்பான்களை வைத்துப் பார்த்தோம். ஐவரும் ஒரே நேரத்தில் பேசினோம். சந்தைக்கடை தோற்றது! ஒரு துணுக்கு முடிந்ததும் 'முடிந்தது' என்று ஒலிப்பான் ஒரு சேதி தரும், அந்தச் சேதி வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

வரிசையும் வம்பு செய்தது. 1-க்கு அடுத்து 10, 11 என்று 19 வரை போய், அதற்குப் பிறகே 2 வந்தது. கோப்பின் பெயரை எண்ணாகப் பாராமல் எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்தியதால் வந்த வினை. 01, 02 என்று பெயர் மாற்றியதும் சரியாயிற்று.

பெருமையோடு தோழியிடம் கொடுத்தோம். அவள் சிறிது நேரம் கேட்டாள். பிறகு, "இதை எப்படி நிறுத்துவது?" என்றாள். பொத்தான்களுக்கு அழகழகான படங்கள் வைத்திருந்தோம்! எழுத்தில்லாத பொத்தானை அவளுடைய கைப்பேசியின் டாக்பேக் எப்படிப் படித்துச் சொல்லும்? எங்களுக்கு முகம் கன்றிவிட்டது. யாருக்காகச் செய்தோமோ அவளை ஒருமுறைகூடக் கேட்காமல் செய்திருக்கிறோம்.

அவள் சொன்ன அடுத்த குறை எங்களுக்குத் தோன்றவே தோன்றாதது. பக்கம் பக்கமாகப் பங்கிட்டதால் பக்க முடிவில் வாக்கியமும் அறுந்திருந்தது. 'இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை' என்று ஒருத்தி நிறுத்த, ஓர் இடைவெளி. பிறகு வேறொருத்தி, '1010-இல் கட்டி முடித்தான்' என்பாள். "மௌனம் வந்தால் வாக்கியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முற்றுப்புள்ளி அதுதானே?" என்றாள்.

அந்த இடைவெளியை ஒழிக்க மூன்று வாரம் பிடித்தது. அதற்குக் காரணம் இரண்டு. எம்.பி.3 கோப்பு ஒலியைச் சிறு சிறு சட்டங்களாக அடுக்குகிறது. ஒரு சட்டத்திற்கு 1,152 மாதிரிகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. கோப்பின் தொடக்கத்தில் சிறிது வெறுமை சேரும். கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் அங்கும் வெறுமையை இட்டு நிரப்பும். இது சின்னத் திருட்டுதான். முந்தைய துணுக்கு முடிந்த பின்னரே அடுத்த கோப்பைத் திறந்து ஆயத்தம் செய்யத் தொடங்கியதே பெரிய தாமதம். தொடர் ஓட்டத்தில் கோலைக் கையில் வாங்கிய பிறகு காலணியைத் தேடினால் எப்படி இருக்கும்? ஆகவே இரண்டு ஒலிப்பான்கள் வைத்தோம். ஒன்று ஒலிக்கும்போதே மற்றொன்றில் அடுத்த துணுக்கை ஏற்றி வைத்தோம். முதலாவது முடிந்த கணமே இரண்டாவது புறப்பட்டது. பதிவுகளின் முன்னும் பின்னும் நாங்களே விட்டிருந்த மௌனத்தையும் வெட்டினோம். இராசராசன் தடையின்றிக் கோயிலைக் கட்டி முடித்தான்.

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "இப்போது மூச்சுவிடவே இடமில்லையே!" பத்தி முடிவும் தெரியவில்லை, பாட முடிவும் தெரியவில்லையாம். எங்களுள் ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. பிறகு தோழியையே நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு நிறுத்தம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அமைத்தோம். வாக்கியத்தின் நடுவே இடைவெளியில்லை. பத்திக்குப் பின் ஒரு நொடி. பாடம் முடிந்தால் மூன்று நொடி. பொத்தான்களிலும் எழுத்து வந்தது. மூன்று வாரம் பாடுபட்டு விரட்டிய மௌனத்தை ஒரே பிற்பகலில் திரும்ப அழைத்துக்கொண்டோம்.

இதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்தே போயிருந்தது. அதற்கு அவள் அம்மாவின் குரலைக் கேட்டுத்தான் படித்தாள். அரையாண்டுத் தேர்வுக்கு எங்கள் செயலி துணை போயிற்று. அவள் சொல்லச் சொல்ல எழுதித் தர வந்தவர் கை வலிக்கிறது என்றாராம்.

விடுமுறையில் காகத்தையும் குக்கரையும் நீக்கி, நல்ல பதிவாக மீண்டும் செய்து தருகிறோம் என்றோம். "காகம் போகட்டும், குக்கர் மட்டும் இருக்கட்டும்" என்றாள். விசில் வந்தால் சோழர் பாடம் பாதி முடிந்துவிட்டது என்று அவளுக்கு அடையாளமாம்.