இரும்பு நகரில் சவேரியார் பெயர்

கோட்டாற்றுச் சுற்றுப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சவேரியார் என்ற பெயர் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைப் போன்றது. நவம்பர் 24-ஆம் தேதி கொடியேறினால் டிசம்பர் 3-ஆம் தேதி தேர் நிலைக்கு வரும்வரை நம் வீடுகளில் வேறு பேச்சு இராது. அந்தப் பெயரைத் தாங்கிய நிலையம் ஒன்று, நாகர்கோவிலிலிருந்து இருப்புப்பாதை வழியே சற்றேறக்குறைய 2,400 கிலோமீட்டர் தொலைவில், இரும்பு உருக்கும் நகரம் ஒன்றில் இருக்கிறது. அது மருத்துவமனையன்று, அநாதை இல்லமுமன்று. நம்மவர்கள் ‘எம்.பி.ஏ. படிப்பு’ என்று பொதுவாகச் சொல்லும் நிர்வாகப் படிப்பைக் கற்றுத்தரும் நிலையம். 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாய்ப்பு என்று சொல்வதைவிடக் கடமை என்று சொல்வதே பொருந்தும். என் தமக்கையின் மகனுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது.

கல்குளம் வட்டத்தின் மலையடிவாரத்தில் வாழும் குடும்பம் அது. மைத்துனர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுபவர். தமக்கை இருபத்திரண்டு ஆண்டுகளாக முந்திரி ஆலைக்குப் போய்வருபவள். அண்டியாபீசு என்று சொன்னால்தான் நம் பக்கத்தில் பலருக்கு விளங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் நடக்கும் எக்ஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வைப் பையன் எழுதி, நேர்முகத்துக்கும் சென்று வந்திருந்தான். மனிதவள நிர்வாகம் என்ற பிரிவில் இடம் வந்தது. கட்டணம் இருபது இலட்சத்துக்கு மேல். வங்கிக் கடனுக்காகக் கையெழுத்திட்ட நாளில் என் மைத்துனர் இரவு உணவு கொள்ளவில்லை.

தமக்கையின் கவலை வேறு. புறப்படும் மாலையில் அவள் மகனிடம் கேட்டாள்: “மக்கா, இது ஆபீசரு படிப்புதானே? நாளைக்கு எங்கள மாதிரிப் பொண்ணுவளுக்கு உடைஞ்ச பருப்ப எண்ணிக் கூலி புடிக்கிற ஆளாட்டு நீ போய் இருப்பியா?”

பையன் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. முந்திரி ஆலையில் பருப்பு முழுதாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் வேறு விலை. அந்த வேறுபாட்டைக் காட்டிக் கூலியில் கைவைத்த மேலாளர்களை அவள் தன் பணிக்காலத்தில் கண்டிருக்கிறாள். அக்கேள்வியை மூட்டையோடு மூட்டையாகச் சுமந்துகொண்டே நாங்கள் புகைவண்டி ஏறினோம்.

கன்னியாகுமரி விரைவு வண்டியில் சென்னைக்கு ஓர் இரவு. மறுநாள் காலையில் கோரமண்டல் விரைவு வண்டி. கோதாவரிப் பாலத்தைக் கடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரிசா மண்ணை இரவில் கடந்து, மறுநாள் முற்பகலில் கரக்பூரில் இறங்கி, மேற்கே செல்லும் வேறு வண்டிக்கு மாறினோம். பச்சை வயல்கள் மெல்ல மறைந்தன. செம்மண்ணும் சாலமரங்களும் தொடர்ந்தன. இரண்டு மூன்று மணி நேரத்தில் டாட்டாநகர் நிலையம் வந்தது. ஒரு காலத்தில் காளிமாட்டி என்று வழங்கிய சிற்றூர் நிலையம் அது.

ஜம்ஷெட்பூரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அந்த ஊரை விட்டுவிட்டு அந்தக் கலாசாலையைப் புரிந்துகொள்ள இயலாது. சுவர்ணரேகா, கர்காய் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில், சாக்சி முதலிய ஆதிவாசிச் சிற்றூர்கள் இருந்த மண்ணில், டாட்டா இரும்பு உருக்கு ஆலை எழுந்தது. நிறுவனம் தோன்றியது 1907-இல். முதல் உருக்கு வெளிவந்தது 1912-இல். முதல் உலகப் போரில் தண்டவாளங்கள் தந்து உதவியதற்காக, 1919-இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு அவ்வூருக்கு நிறுவனரின் பெயரைச் சூட்டினார். எட்டு மணி நேர வேலை 1912-லேயே அங்கு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை எல்லோருக்கும் பொதுவாக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு நன்மைகள் செய்த ஆலையிலும் அமைதி தானாக வந்துவிடவில்லை. 1920-இல் வேலைநிறுத்தம். 1922-இல் மீண்டும். 1928-இல் மாதக்கணக்கில் நீண்ட பெரும் போராட்டம்; அவ்வாண்டில் சுபாஷ் சந்திர போஸ் அங்குள்ள தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். முதலாளி நல்லவராயிருந்தால் போதும், தொழிலாளிக்குக் குரல் வேண்டாம் என்று நம்மில் சிலர் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் ஜம்ஷெட்பூரின் வரலாற்றைப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

நாடு விடுதலை பெற்ற தறுவாயில் புதிய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1946-இல் நிலையாணைச் சட்டம், 1947-இல் தொழிற்தகராறுச் சட்டம், 1948-இல் தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம். சட்டம் ஏட்டில் ஏறியது. அதைப் படித்து விளங்கிக்கொண்டவர்கள் ஆலையின் வாயிலுக்கு உள்ளேயும் குறைவு, வெளியேயும் குறைவு. இந்த வேளையில்தான், 1949-இல், குவின் என்ரைட் என்ற சேசு சபைக் குரு அந்நகரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அமெரிக்க நாட்டு மேரிலாந்து மாநிலத்துச் சேசு சபையினர் அப்போதுதான் ஜம்ஷெட்பூர்ப் பகுதியில் பணிக்கு வந்திருந்தனர். அவர் அதற்கு இட்ட பெயர் ‘சேவியர் லேபர் ரிலேஷன்ஸ் இன்ஸ்டிடியூட்’. சவேரியார் தொழிலுறவு நிலையம் என்று நாம் தமிழில் சொல்லலாம். சுருக்கமாக எக்ஸ்.எல்.ஆர்.ஐ. வணிகம் என்ற சொல்லோ நிர்வாகம் என்ற சொல்லோ அப்பெயரில் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

தொடக்க நாட்களில் அங்கே தொழிற்சங்கத்தாருக்கும் வகுப்பு, நிர்வாகத்தாருக்கும் வகுப்பு. ஆலை வாயிலில் எதிரெதிராக நிற்பவர்கள் ஒரே நிலையத்தில் கற்க வந்தனர். முழுநேரப் பட்டயப் படிப்பு, தொழிலுறவுப் பிரிவு, பின்னர் அறுபதுகளில் வணிக நிர்வாகப் பிரிவு என்பவை எல்லாம் பிற்பாடு வந்த கிளைகள். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் அரசின் நிர்வாகக் கல்வி நிலையங்கள் 1961-இல்தான் தோன்றின. அவற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது இது. நான் சென்ற 2018-இல் இது பல்கலைக்கழகமாக இருக்கவில்லை. தன்னாட்சியோடு தன் பட்டயத்தைத் தானே வழங்கி வந்தது.

அமெரிக்கக் குரு ஒருவருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், கூலியும் சங்கம் சேரும் உரிமையும் அறநூலுக்குப் புறம்பான செய்திகள் அல்ல என்று உலகுக்கு அறிவித்திருந்தது. அந்த மண்ணிலேயே ஒரு முன்மாதிரியும் இருந்தது. 1885 முதல் சோட்டாநாக்பூரில் உழைத்த பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஆதிவாசிகளின் நிலவழக்குகளைப் புரிந்துகொள்வதற்காகவே சட்டம் பயின்றார். ஜமீன்தார்களுக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் நிற்க உதவினார். காசநோய்க்கு ஆளாகி 1893-இல் தம் நாட்டிலேயே மறைந்தார். அப்போது வயது நாற்பதைத் தொடவில்லை. சவேரியாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1544-இல் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துப் பரதவரை விரட்டியபோது, பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடியவர்களுக்கு அவர் தோணிகளில் உணவு கொண்டுசெல்ல முயன்றதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. போர்த்துகீசிய அதிகாரிகளின் பேராசையை அவர்களுடைய மன்னருக்கே எழுதிக் கண்டித்தவரும் அவர். தொழிலுறவு நிலையத்துக்கு அவர் பெயர் பொருந்தாமல் போகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையில் வெயில் தணிந்திருந்தது. மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதி. பெட்டிகளோடு வந்திருந்த பெற்றோர் பலரும் தில்லி, மும்பை போன்ற நகரத்தார் என்பது உடையிலும் பேச்சிலும் தெரிந்தது. என் மருமகனின் தகரப் பெட்டியைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் பின்னால் வைத்துக்கொண்டான். அந்தச் சிறு செய்கை என் நெஞ்சைத் தைத்தது.

சங்கத்துத் தொழிலாளிக்காகவும் திறக்கப்பட்ட கதவு அது. எழுபது ஆண்டுகளில் அதன் புகழ் வளர்ந்தது, கட்டணமும் வளர்ந்தது. இந்த நிலையத்தை மட்டும் குறித்துச் சொல்லவில்லை. நாட்டின் முதல்தரமான நிர்வாகப் பள்ளிகள் அனைத்துக்கும் இதே கதைதான். வங்கிக் கடன் என்னும் ஏணி இல்லாமல் பால்வெட்டுபவரின் மகன் அந்தப் படியை மிதிக்க முடியாது. ஏணி இருப்பதால் மனம் தேற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஏணியின் பாரம் முழுவதும் ஏறுகிறவன் தோளிலேயே அல்லவா இருக்கிறது?

சாதனைகளைச் சொல்லப்போனால் பக்கம் போதாது. மனிதவளத் துறையில் இந்நாட்டில் அதற்கு நிகர் சொல்வது கடினம். அங்கே நெடுங்காலம் கற்பித்த சேசு சபைக் குரு மெக்ராத் எழுதிய நிர்வாகத் திறன் நூல் பல பதிப்புகள் கண்டது. 1992-இல் அங்கே பயின்று வெளிவந்த லீனா நாயர் என்ற பெண்மணி, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆலைகளில் பணியைத் தொடங்கி, 2022 ஜனவரியில் பிரான்சு நாட்டுப் புகழ்பெற்ற ஷனேல் நிறுவனத்தின் உலகத் தலைமை நிர்வாகியானார். அரசின் தரவரிசையில் 2024-லும் முதல் பத்து நிர்வாகப் பள்ளிகளுள் ஒன்றாக அது நின்றது. அதன் வழியில் சேசு சபையினர் ராஞ்சியில் 1955-இலும், புவனேசுவரத்தில் 1987-இலும் நிலையங்கள் கண்டனர். சென்னை லயோலாக் கல்லூரி வளாகத்தில் 1979-இல் தோன்றிய லிபா நம் தமிழ்நாட்டுக்கு வாய்த்தது. நம் பிள்ளைகளுக்கு அது அருகிலுள்ள கதவு.

மறுநாள் காலை ஜூபிலிப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தோம். ஆலையின் பொன்விழாவை முன்னிட்டு அமைத்து, 1958-இல் பிரதமர் நேரு திறந்துவைத்த பூங்கா. மைசூர் பிருந்தாவனத்தின் சாயல் உண்டு. நண்பகலில் பையனை விட்டுவிட்டு நான் மட்டும் வண்டியேறினேன். “மாமா, அம்மாட்ட நான் பிறகு பேசுவேன்” என்றான். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தமக்கை வீட்டில் இருந்தேன். தொலைபேசியில் மருமகன். வகுப்பில் உள்விசாரணை என்ற பாடம் நடந்ததாம். ஒரு தொழிலாளியைத் தண்டிக்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும், மறுமொழிக்கு அவகாசம் தரவேண்டும், சாட்சியை அவர் குறுக்கே கேள்வி கேட்க இடம் தரவேண்டும் என்றெல்லாம் தாயிடம் ஒப்புவித்தான். பின்பு கேட்டான்: “அம்மா, ஒங்க ஆபீசுல நூறு பேருக்கு மேல வேல செய்யிறியதானே? வாசல்பக்கம் தமிழில எழுதி ஒரு பலகை தொங்குதா?”

1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் பிரிவு ஒன்றைத்தான் அவன் சொன்னான். வேலை நேரம், விடுப்பு, தவறுக்குத் தண்டனை முதலிய விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விளங்கும் மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் வைக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வாயிலில் நுழைந்து வந்த என் தமக்கை அப்படியொன்றைக் கண்டதாக நினைவு கூரவில்லை.

அடுத்த வாரம் மீண்டும் போனேன். பலகை இருந்ததாம். வாயிலருகே சாக்குகள் அடுக்கியிருந்த சுவரில், தூசு மூடி, பழைய நாட்காட்டி ஒன்றின் பின்னால். உடன் வேலை செய்யும் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு சாக்குகளை விலக்கிப் பார்த்திருக்கிறாள். மேற்பார்வையாளர் “என்ன தேடுகிறீர்கள்?” என்று கேட்டதற்கு, “எம் மவன் பாக்கச் சொன்னான்” என்று மட்டும் சொன்னாளாம்.

“படிச்சியா அக்கா?” என்றேன்.

“எழுத்து ரொம்பப் பொடிசு தம்பி. நாளைக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போறேன்” என்றாள்.