களை வெட்ட நீ வருவியா?

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாளே அப்பா அட்ரசின் களைக்கொல்லி அடித்துவிடுவார். "களை வெட்ட ஆள் கிடைக்கல. ஒரு மழை பெஞ்சா மருந்து போயிடும்மா" என்பார்.

எங்கே போகும்? ஒரு செய்திக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. மண்ணில் சிதைந்து டீஎத்தில் அட்ரசின் ஆகிறது. அதுவும் தண்ணீரோடு கீழே இறங்கும், காய்ச்சினாலும் போகாது. ஜெர்மனி 1991-ல் அட்ரசினைத் தடை செய்தது. பல ஆண்டுகள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் இரண்டும் இருந்தன.

எங்கள் வீட்டுச் சோறு வேகிறது வயல் கிணற்றுத் தண்ணீரில். அதை யாரும் சோதித்ததில்லை.

"கிணத்தைச் சுத்தி மட்டும் மருந்து வேண்டாம்ப்பா" என்றேன்.

"களை வெட்ட நீ வருவியா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையில் போன் இல்லை, களைக்கொத்து.