பயாஸும் எங்க தெரு கரண்ட்டும்

ரெண்டு வாரமா லேப்டாப் கெஞ்சிக்கிட்டே இருக்கு: பயாஸுக்கு ஒரு அப்டேட், கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேருக்கு ஒண்ணு. ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டேன். காலேஜ் படிக்கும்போது பயாஸ் அப்டேட் பாதியில கரண்ட் போய் டெஸ்க்டாப்பை சாகடிச்சவன் நான். அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்தது. மணிமங்கலத்துல எங்க தெருவுல தூறல் போட்டாலே கரண்ட் போயிடும்.

ஆனா 2023 டிசம்பர்ல வெளிய வந்த லோகோஃபெயில் பத்திப் படிச்சதும் பயம் இடம் மாறிடுச்சு. ஆன் பண்ணதும் வர்ற கம்பெனி லோகோ படத்தைப் படிக்கிற நிரல்லயே ஓட்டை! அது வழியா உள்ள வந்தது விண்டோஸை அழிச்சுத் திரும்பப் போட்டாலும் போகாது. பயாஸை மாத்தினாத்தான் ஓட்டை அடையும்.

ரெண்டு அப்டேட்டோட குறிப்பையும் படிச்சேன். பயாஸ்ல பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறாங்க. கிராஃபிக்ஸ்ல வெளித்திரை மினுக்கல் சரியாகுதாம்; எனக்கு மினுக்கலே இல்லையே! ஆக, பயாஸ் மட்டும்.

பிட்லாக்கர் மீட்பு எண்ணைப் பேப்பர்ல எழுதி வச்சு, பிட்லாக்கரைத் தற்காலிகமா நிறுத்தி, பேட்டரி ஃபுல், சார்ஜரும் சொருகி உக்காந்தேன். நாலு நிமிஷம் கறுப்புத் திரை. "ஏன்டா இப்படி வேர்க்குது?"ன்னாங்க அம்மா.

லோகோ வந்துச்சு. அடுத்த பத்தாவது நிமிஷம் கரண்ட் போச்சு :-)